உடையப்பன் கிணற்றுத் தண்ணீர்

அடுத்த வீட்டில் என்ன வெஞ்சனம் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. அதைத்தான் நீங்கள் தேர்தல் தந்திரம் என்கிறீர்கள். படம் பிடிக்கச் சென்னையிலிருந்து கேமராவெல்லாம் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். எந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்வதில்லை, எந்தப் பெரிய மனிதர் யார் வீட்டுக் கொல்லை வழியாக நுழைகிறார் என்று தெரிந்தவனுக்கு ஓட்டு வாங்குவது பெரிய காரியமில்லை.

ஐம்பத்தொன்பதில் நகராட்சித் தேர்தல். எங்கள் வேட்பாளர் சரியான மண்ணாந்தை. எதிரே பூட்டுப் பட்டறை உடையப்பன். அவரிடம் குறை கண்டுபிடிக்க நான் மூக்கை நுழைக்காத இடமில்லை. குடி இல்லை, கூத்தி இல்லை. அதைவிட மோசம், பட்டறைக்குப் பின்னால் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. திண்டுக்கல் கோடையில் தண்ணீர் கொடுப்பவன்தான் சாமி. அவர் ஊருக்கே கதவைத் திறந்துவிட்டிருந்தார்.

தோல் பதனிடுகிற ஷாப்புக் கழிவு அந்தக் கிணற்றில் ஊறுகிறது என்று பரப்பினேன். தண்ணீர் எடுத்துவந்த பக்ருன்னிசா தெருவில் என்னை நிறுத்தினாள்.

"ஏண்ணே, அம்புட்டு நஞ்சா அந்தத் தண்ணி? அப்பறம் எதுக்கு உங்க வீட்டுப் பேச்சாயக்கா நெதமும் மொத ஆளா கொடத்தோட வந்து நிக்குது? உங்களுக்குன்னு தனியா நஞ்சு எடுக்கவா?"

கூட வந்த பெண்கள் இடுப்புக் குடம் தளும்பச் சிரித்தார்கள். எனக்குக் கோபமில்லை. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. மேடையில் பேசுவதை ஊர் நம்பாது. பேசுகிறவன் வீட்டு அடுப்படியைப் பார்த்துத்தான் நம்பும்.

பேச்சாயி என் மனைவி. அந்த வாரம் ஒருநாள் ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளித்தாள்.

"தண்ணி என்னமோ மாதிரி இருக்குங்க."

"புளி போட்டுக் கொடத்த வெளக்குன வாசமா இருக்கும். குடி."

குடித்தாள். என் பேச்சை அவள் தட்டியதே இல்லை.

வாந்தியும் பேதியுமாகக் கிடந்தாள். அந்த நாற்றத்தில் என்னால் உட்கார முடியவில்லை. வாசலில் நாற்காலியைப் போட்டு, யார் யார் எட்டிப் பார்க்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டிருந்தேன். ஓட்டுப்பதிவுக்கு முந்தின நாள் போய்ச் சேர்ந்தாள்.

கிணற்றைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. பிணத்துக்குப் பக்கத்தில் அவளுடைய குடத்தை மட்டும் வைத்தேன். பக்ருன்னிசாதான் முதலில் வீட்டுக்கு ஓடித் தன் குடத்துத் தண்ணீரைத் தெருவில் கொட்டினாள். பிறகு தெருவே கொட்டியது. மற்ற வீடுகளில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மாலையோடு துக்கத்துக்கு வந்த உடையப்பன் முகத்தில் ஒருத்தி காறித் துப்பினாள். அவர் துடைக்கக்கூட இல்லை. தேர்தலில் தோற்றபின் கிணற்றைக் கல் போட்டு மூடிவிட்டார். பாவம்.

உங்கள் கேமராக்காரர் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்? எனக்கும் ஒரு வரம்பு உண்டு, தம்பி. அது ஊரே குடிக்கிற கிணறு. அதில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. தோல் ஷாப்பில் ஆட்டுத்தோல் முடியை உதிர்க்க வைத்திருந்த மருந்தை என் வீட்டுக் குடத்தில் மட்டும்தான் கலந்தேன்.