கடைசி வண்டி

பிளாஸ்கில் ஊற்றிய காபி மூன்று மணி நேரத்துக்கு மேல் நன்றாக இருக்காது. சூடு இருக்கும், ருசி போய்விடும். அதனால்தான் டிகாக்‌ஷனைத் தனியாகவும் பாலைத் தனியாகவும் எடுத்துப்போவேன். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான், சார். ஆமாம், அந்த முக்கால் மணி நேரத்தில் நான் காபி குடித்தேன்.

என் பெயர் ரங்கா. சர்வே இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக ஆஸ்டின் டவுன் பேட்டையில்தான். எங்கள் ஜீப் கிளப் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பும். தார் ரோட்டை விட்டு இறங்கி, ராகி வயலுக்கு நடுவே ஓடும் வண்டிப்பாதை, ஏரிக்கரை, புதர்க்காடு என்று சுற்றிவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு திரும்பிவிடுவோம். முதல் வண்டி ரெமிஜியஸுடையது. பக்கத்துப் பேட்டை அடுகோடியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். கடைசி வண்டி என்னுடையது. அதற்கு எங்கள் பேச்சில் டெயில் என்று பெயர். வழி தவறினவர், சேற்றில் மாட்டினவர், நடுவழியில் வாந்தி எடுப்பவர், எல்லோரும் என் பொறுப்பு. கயிறும் முதலுதவிப் பெட்டியும் என்னிடம்தான் இருக்கும்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. டெயில் ஒன்று சொன்னால், கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். ஏன் எதற்கு என்று கேட்கக்கூடாது. கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் வண்டி கவிழ்ந்துவிடும். இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவனே நான்தான்.

கிஷோர் எங்களோடு சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஈரோட்டுப் பிள்ளை, ஐடி கம்பெனியில் வேலை. கெட்டவர் என்று சொல்லமாட்டேன். போன மாதம் கிளப் கூட்டத்தில் தன் போனை எல்லோருக்கும் காட்டினார். அதில் ஒவ்வொரு வண்டியும் ஒரு பச்சைப் புள்ளியாக நகர்ந்தது.

"இனிமே டெயிலே தேவையில்ல சார். யார் எங்க இருக்காங்கன்னு இதுலயே தெரிஞ்சிடும். அடுத்த மாசத்துலேர்ந்து நீங்களும் ஜாலியா நடுவுல வாங்க. எத்தன வருஷம்தான் எங்க தூசியத் தின்னுவீங்க" என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். ரெமிஜியஸும் தட்டினார். பதினோரு வருஷம் நான் தின்ற புழுதிக்கு அதுதான் மரியாதை. எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைக்கப்போவதில்லை. காட்டுக்குள் போனால் அந்தப் புள்ளி நின்றுவிடும், அங்கே சிக்னல் கிடையாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம்தான். சொன்னால், கிழவன் பதவியை விடமாட்டேன் என்கிறான் என்று சிரித்திருப்பார்கள். செய்து காட்டினால்தான் சிலருக்குப் புரியும்.

டிரைவுக்கு முந்தின ஞாயிறு, வழக்கம்போல நான் தனியாகப் போய்ப் பாதையைப் பார்த்துவிட்டு வந்தேன். புதர்க்காட்டில் ஒரு இடத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. வலது பக்கம் நாங்கள் சாப்பிடப்போகும் ஏரிக்கு. இடது பக்கம் கைவிடப்பட்ட கல்குவாரிக்கு. அங்கே மழையில் பாதை அரித்துப்போய் சட்டென்று முடிந்துவிடும், கீழே நாற்பது அடி. ஊர்க்காரர்கள் பாதையின் குறுக்கே பாறாங்கல் அடுக்கி முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். இது உங்கள் ரெக்கார்டில் இருக்காது. கல்லை எடுத்துப் போட்டவன் நான். முழுசாக ஒரு மணி நேரம் ஆயிற்று. இந்த வயதில் குனிந்து நிமிர்வது சுலபமில்லை.

டிரைவ் அன்றைக்கு கிஷோர் எனக்கு முன்னால் வந்துகொண்டிருந்தார். அவர் மனைவி ஸ்னேஹா போட்டோ எடுக்க வேண்டும் என்று ரெமிஜியஸின் வண்டியில் ஏறிக்கொண்டாள். வண்டிக்கு ஒரு ஆள் குறைந்தது எனக்கும் ஆறுதல்தான். நான் மனசாட்சி இல்லாதவன் அல்ல.

பாதை பிரியும் இடத்தில், முன்னால் போகும் வண்டி பின்னால் வருபவர் கண்ணில் படும்வரை நின்று வழி காட்ட வேண்டும். "கிஷோர் எனக்கு முன்னாலதான் இருக்கார், நான் கூட்டிட்டு வரேன், நீங்க போங்க" என்று ரேடியோவில் சொன்னேன். வழி காட்ட நின்ற வண்டி போய்விட்டது. கிஷோர் அந்த இடத்துக்கு வந்ததும் போனைப் பார்த்திருப்பார். புள்ளி நின்றுபோயிருக்கும். ரேடியோவில் கேட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று கூச்சமோ என்னவோ, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னிடம் கேட்டார்.

"ரங்கா சார், லெஃப்டா ரைட்டா?"

"லெஃப்ட். மணல் ஜாஸ்தி. வேகத்தக் குறைக்காத, பிரேக் புடிக்காத."

"லெஃப்ட். பிரேக் புடிக்கல. ஓகே சார்."

நல்ல பிள்ளை, ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னார்.

நான் விளிம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். கிஷோரின் வண்டி குவாரியின் அடியில் தேங்கிய தண்ணீருக்குப் போகாமல், பாதி வழியில் ஒரு பாறைத்திட்டில் மாட்டிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங் நெஞ்சில் ஏறி, இரண்டு கையும் உள்ளே நசுங்கிக் கிடந்தன. ரேடியோவின் பொத்தானை அழுத்த அவரால் முடியவில்லை. ஆனால் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் பேசினதெல்லாம் அவருக்குக் கேட்டது.

"சார், கயிறு போடுங்க. ரங்கா சார்" என்றார்.

கயிறு என் வண்டியில்தான் இருந்தது. நூறு அடிக் கயிறு.

அப்போது ரெமிஜியஸ் கூப்பிட்டார். "டெயில், எல்லாரும் இருக்காங்களா?"

"எல்லாரும் இருக்கோம். கிஷோருக்கு பஞ்சர். நான் பாத்துக்கறேன், நீங்க சாப்பிட ஆரம்பிங்க" என்றேன்.

கீழே சத்தம் நின்றது. நான் சொன்னது அவர் வண்டிக்குள்ளும் ஒலித்திருக்கும். அப்போதுதான் காபி கலந்துகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் மறுபடி கூப்பிட ஆரம்பித்தார்.

நடுவில் ஸ்னேஹாவின் குரல் ரேடியோவில் வந்தது. "ரங்கா சார், அவருக்குப் பசி தாங்காது. புளியோதரை எடுத்து வெச்சிருக்கேன், சீக்கிரம் அனுப்புங்க."

"இதோ அனுப்பறேன்மா" என்றேன்.

வேறு என்ன சொல்வது? பெண் பிள்ளை, பயந்துபோய்விடக்கூடாது.

சத்தம் முழுக்க அடங்கிய பிறகு இன்னும் ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு ரேடியோவை எடுத்தேன். பஞ்சர் ஒட்டினதும் கிஷோர் அவசரமாக முன்னால் போய்விட்டார், வழி மாறிவிட்டது, எல்லோரும் ஓடிவாருங்கள் என்றேன். முதலில் இறங்கியவனும் நான்தான். ஸ்னேஹா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களாவது பக்கத்துல இருந்தீங்களே சார்" என்று அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. அது நடிப்பு இல்லை.

பதினாறாம் நாள் முடிந்ததும் கமிட்டி கூடியது. டெயில் வண்டி இல்லாமல் இனி ஒரு டிரைவும் கிடையாது என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள். மறுத்து ஒருவர்கூடப் பேசவில்லை. கிஷோர் இருந்திருந்தால் அவரும் ஒப்புக்கொண்டிருப்பார்.

அவர் வண்டிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த கேமரா சத்தத்தையும் பதிவு செய்யும் என்பது எனக்குத் தெரியாது. கிரேன் வைத்து வண்டியைத் தூக்கிய பிறகுதான் அது உங்கள் கைக்கு வந்திருக்கிறது. நேற்று நீங்கள் போட்டுக் காட்டினீர்கள். நான் மறுக்கவில்லை. கல்லை எடுத்தேன், வழியை மாற்றிச் சொன்னேன், கயிற்றை எடுக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் திருத்துங்கள். சாகட்டும் என்று அவரைத் தனியாக விட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. பதிவை நீங்களே கேட்டீர்கள். முப்பத்தேழு தடவை ரங்கா சார், ரங்கா சார் என்று கூப்பிட்டார். கட்டிய பெண்டாட்டியைக் கூப்பிடவில்லை, பெற்ற தாயைக் கூப்பிடவில்லை, என்னைத்தான் கூப்பிட்டார். ஒரு மனிதர் அப்படிக் கூப்பிடும்போது, விட்டுவிட்டு நகர எனக்கு மனசு வரவில்லை, சார்.