நடுவில் அடைத்த துளைகள்

உணவங்காடி மேசைமேல் ஒரு டிஷ்யூ பொட்டலம் இருந்தால் அங்கே யாரும் உட்காரமாட்டார்கள். நீங்களும் வைத்திருப்பீர்கள், இன்ஸ்பெக்டர். பொட்டலத்தை வைத்துவிட்டு நூடல்ஸ் வாங்கப் போவோம். திரும்பி வரும்போது இடம் இருக்கும். சிங்கப்பூரில் சிறுபிள்ளைக்கும் இது தெரியும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் அச்சு இயந்திரத்துக்கும் இதே வழக்கம்தான். எனக்கு அது வசதி. யாரிடமும் பேச வேண்டியதில்லை.

அந்த இயந்திரம் எலும்புக்குச் சாரம் கட்டும். மெல்லக் கரையும் பிளாஸ்டிக்கை இழை இழையாக அடுக்கி, பஞ்சுபோல் துளைகள் விட்டு ஒரு துண்டு செய்வோம். உடம்புக்குள் வைத்தால் ரத்தக்குழாய்கள் துளை வழியே உள்ளே போகும், எலும்பு வளரும். துளை சிறுத்தால் எதுவும் உள்ளே போகாது.

மூன்று வாரம் நான் வளர்த்த செல்கள் அந்தத் திங்கட்கிழமை தயாராக இருந்தன. அன்றே சாரத்தில் ஏற்ற வேண்டும். காலை ஏழரைக்கே பொட்டலத்தை வைத்தேன். ஒன்பது மணிக்கு டாக்டர் டெஸ்மண்ட் குவா வந்தார். எங்கள் குழுவில் மூத்தவர். பொட்டலத்தைப் பிரித்து, ஒரு தாளை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

"யாரோடது லா இது? நூடல்ஸ் கடைன்னு நெனச்சுட்டாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் கையை உயர்த்தினேன்.

"ஓ, பெய் ஷுவானா. மெஷின் வேணும்னா வாயத் தெறந்து கேக்கணும்மா. வாய் இருக்கா, இல்ல அதையும் நாந்தான் பிரிண்ட் பண்ணித் தரணுமா?"

அவர் அச்சிட வந்தது ரொகாயாவின் தாடை எலும்பு. நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுக் கடை வைத்திருந்தவர். எங்கள் எல்லோருக்கும் மக்சிக், அத்தை மாதிரி. கட்டி வந்து வலப்பக்கத் தாடையில் நான்கு சென்டிமீட்டர் வெட்டியிருந்தார்கள். தன் துண்டு எப்படி இருக்கும் என்று பார்க்க முந்தின வாரம் வந்திருந்தார். எனக்கு மட்டும் தனியாகக் குவே பலகாரம் கொடுத்தார்.

"ரெண்டு வருஷமா கஞ்சிதான், தங்கச்சி. இது சரியானதும் மொத வேலையா என் கடையில போடற வறுத்த கடலைய கடிப்பேன். நறுக்குன்னு சத்தம் கேக்கணும்."

எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

பதினொன்றரைக்கு டெஸ்மண்ட் சாப்பிடக் கிளம்பினார். "நீ சும்மாதானே நிக்கற. பாத்துக்க."

பார்த்துக்கொண்டேன். விளிம்பைத் தொடவில்லை. நடுவில் மட்டும் இழைகளை நெருக்கினேன். கோப்பில் ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும். எடை கூடும், ஆனால் எடை பார்த்து எழுதுபவள் நான். ஊடுகதிர்ப் படம் எடுத்துச் சரிபார்ப்பவளும் நான்தான். டெஸ்மண்ட் படிக்காமலே கையெழுத்திட்டார். எப்போதும் அப்படித்தான்.

என் செல்கள் புதன்கிழமை செத்தன.

துண்டை மக்சிக்கின் தாடையில் பொருத்தி எட்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே எலும்பு வளரவில்லை என்றாலும், மேலே திருகியிருந்த உலோகத் தகடு தாங்கிக்கொண்டிருந்தது. டெஸ்மண்டுக்கு விருது கொடுத்தார்கள். மேடையில் மக்சிக்கைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். டெஸ்மண்ட் செய்த துண்டின் லட்சணம் யாருக்கும் தெரியாமலே போய்விடும்போல் இருந்தது.

ஆகவே ஒரு சனிக்கிழமை பிடோக்கில் மக்சிக்கின் வீட்டுக்குப் போனேன். கடலையை நான்தான் வாங்கிப் போனேன். தோலோடு வறுத்தது. இன்னும் நான்கு மாதத்துக்குக் கடினமாக எதையும் கடிக்கக் கூடாது என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள்.

"திட்டுவாங்களே, தங்கச்சி" என்றார்.

"உங்க எலும்ப நாந்தான் சோதிச்சேன், மக்சிக். நல்லா புடிச்சிருக்கு. பயப்படாம கடிங்க."

அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

சத்தம் கேட்டது. மக்சிக் முதலில் சிரித்தார். கடலை என்று நினைத்துவிட்டார்.

இப்போது மூக்கில் குழாய் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். உள்ளே சீழ் வைத்துவிட்டதாம். இனி அந்தப் பக்கம் எதையும் பொருத்த முடியாதாம். வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது எனக்கும் டெஸ்மண்டுக்கும் இடையில் உள்ள விஷயம். மக்சிக்குக்கு இதில் சம்பந்தமே இல்லை. அதை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.