மூன்று தரம் கூப்பிட்டேன்

நாயோடு நடக்கிற கிழவனை யாரும் கிழவன் என்று சொல்வதில்லை, லேனா, நாய்க்காரர் என்கிறார்கள். இரண்டு நாயானால் மரியாதை இன்னும் கூடும். நீ ஜப்பானுக்கு வேலைக்குப் போன இந்த மூன்று வருஷமும் நம் தின்கன்ஜூன் பேட்டையில் எனக்கு அந்த மரியாதை இருந்தது. ஒரு கையில் என் கறுப்பன், மறு கையில் உன் மில்லி, லுங்கியைப் பிடிக்க மூன்றாவது கை இல்லாமல் நடுவில் நான்.

உட்கார். மில்லி புயலுக்குப் பயந்து ஓடிவிட்டது என்று சொன்னேன். நீயும் நான்கு நாளாகத் தெருத்தெருவாக நோட்டீஸ் ஒட்டுகிறாய். நாளை மறுநாள் விமானத்தையும் விட்டுவிடப் போகிறாயாம். பசையை வீணாக்காதே. மில்லி ஓடவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், மன்னிப்புக் கேட்பேன் என்று மட்டும் காத்திருக்காதே. அதற்குத்தான் கோயிலில் பாதர் இருக்கிறார், அவரிடமே நான் போகவில்லை.

ஞாயிறுதோறும் நீ போனில் கூப்பிடுவாய். "மில்லிக்குட்டி, அம்மா வந்துட்டேன்டா" என்பாய். வந்தாயா? அது போனுக்குப் பின்னால் போய்ப் பார்க்கும், கட்டிலுக்கடியில் பார்க்கும், பிறகு செவ்வாய்க்கிழமை வரைக்கும் வாசல் கேட்டில் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும். சோறு போட்டவன் நான். உண்ணி பொறுக்கியவன் நான். ஊரில் வெடிச் சத்தம் கேட்ட நாட்களில் அது நடுங்கியதும் என் மடியில்தான். மூன்று வருஷம் கழித்து நீ சொல்கிறாய்: "நாய்ப்பெட்டி வாங்கிட்டேன் மாமா, பேப்பரெல்லாம் ரெடி. மில்லியைக் கூட்டிட்டுப் போயிடுறேன். நீங்க இனிமே ரெஸ்ட் எடுங்க."

ரெஸ்ட். நான் சிரித்தேன். நான்தான் எதற்கும் சிரிப்பேனே.

நீ வருவதற்கு முந்தின நாள். புயல் ஓய்ந்து, வாடைக்காற்று பிடித்திருந்தது. உங்கள் ஜப்பான்காரர்கள் விசிறி போட்டுக்கொள்ளும் குளிர்தான், ஆனாலும் நான் குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டேன். ஓடைக்கரையில் வீடு கட்டுவதாகச் சொல்லி, சுற்றிலும் வரப்பு போட்டு மணல் கொட்டி, கட்டாமலே விட்டுப்போன வெளி உனக்குத் தெரியும். பாலைவனம் என்போமே, அங்கேதான் போனோம். மழை அதைக் கழுவி, காற்று வரிவரியாகச் சீவி விட்டிருந்தது. கண்ணுக்கெட்டிய வரை ஒரு காலடி இல்லை. நல்ல அழகு.

காவல்காரன் பாசில் நெருப்புக் காய்ந்துகொண்டிருந்தான்.

"என்ன அண்ணே, குல்லாயோட பார்த்தா இதுல எது நாய்னே தெரியலையே?"

"கழுத்துல கயிறு இல்லாதது நான்டா."

"வரப்பை விட்டு மட்டும் இறங்கிடாதீங்க. உள்ள மழைத்தண்ணி நிக்குது. மேல ரொட்டி, உள்ள கஞ்சி. நேத்து ஒரு ஆடு போயிடுச்சு."

சரி என்றேன். ஆக, தெரியாமல் செய்தேன் என்று நீ எனக்காக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

கயிற்றை அவிழ்த்து விட்டேன். கறுப்பன் என் பின்னாலேயே வரப்பைச் சுற்றி மறுபக்கம் வந்தது. மில்லி புறப்பட்ட மேட்டிலேயே, ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டது. நடுவில் நாற்பதடி மணல். நான் கூப்பிட்டேன். நான் கூப்பிட்டு வந்தால் வரப்பு வழியாக வரும், பத்திரமாக வரும், பெட்டியில் ஏறி உன்னோடு போகட்டும் என்றுதான் இருந்தேன். நியாயமான ஏற்பாடு. மூன்று தரம் கூப்பிட்டேன். ஒரு காதைக்கூட அசைக்கவில்லை.

அப்புறம் போனை எடுத்து, நீ பதிந்து அனுப்பிய அந்த 'அம்மா வந்துட்டேன்டா' குரலை வைத்தேன். சத்தம் முழுசாக.

வரப்பெல்லாம் அதற்கு ஞாபகம் வரவில்லை. நேராக வந்தது, லேனா. வால் சுழல, பல் தெரிய. இத்தனை வருஷத்தில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. பாதியில் முன்கால் போயிற்று.

பாசிலிடம் பலகையும் கயிறும் இருந்தன. ஒரு குரல் கொடுத்திருக்கலாம். என் குரலுக்கு என்ன மதிப்பு என்று அப்போதுதானே பார்த்திருந்தேன். கறுப்பன் குரைத்துக்கொண்டே இருந்தது. உன் பேச்சு பத்தொன்பது விநாடிதான், முடிந்துவிட்டது. மில்லி தனியாக இருக்கக் கூடாதே என்று மறுபடி வைத்தேன். கண் மணலுக்குள் போகிற வரைக்கும் வைத்துக்கொண்டே இருந்தேன். உன்னைப் பார்க்க வருகிற சந்தோஷத்தில்தான் போயிற்று. இதைவிட நல்ல சாவு எனக்கே கிடைக்காது.

கொன்றாய் என்று சொல், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அதை நீ மூன்று வருஷமாக ஞாயிறுதோறும் செய்தாய், நான் ஒரே நாளில் முடித்தேன். போ, நோட்டீசையெல்லாம் கிழித்துவிட்டு விமானம் ஏறு.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே, எனக்குக் கறுப்பன் இருக்கிறது. என்ன, கொஞ்ச நாளாக வாக்கிங் வர மாட்டேன் என்கிறது. எதிர்வீட்டு ராணி முணுமுணுத்துக் கூப்பிட்டால்கூட அவளிடம் ஓடுகிறது. நான் கூப்பிட்டால் கட்டிலுக்கடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வயதாகிறதில்லையா, காது மந்தமாகிவிட்டது, பாவம்.