ராக்னில்ட் வெட்ட மறுத்த இடைவெளிகள்

மேடையில் வீற்றிருக்கும் துறைத்தலைவர் ப்ரெபென் அவர்களே, அன்னையை இழந்து நிற்கும் சிக்னே அவர்களே, மழையில் சைக்கிள் மிதித்து வந்திருக்கும் மொழிபெயர்ப்பாளத் தோழர்களே!

துறை அனுப்பிய மலர்வளையத்தின் நாடாவில் ‘எல்லாவற்றுக்கும் நன்றி’ என்று எழுதியிருக்கிறது. எதற்கு நன்றி? பேராசிரியர் ராக்னில்ட் ஸ்கோவ்பியர்க் கடைசிவரை நம் துறையிடம் அலைக்கழிந்ததற்கா?

மொழிபெயர்க்கும்போது மனிதமனம் எப்படி ஓடுகிறது என்பதற்குக் கணினியில் ஒரு மாதிரியைக் கட்டினார் அவர். கண் எந்தச் சொல்லில் நின்றது, விரல் எங்கே ஓய்ந்தது என்று எல்லாம் பதிவாகும். அதோடு விட்டாரா? பதிவை அந்தந்த மொழிபெயர்ப்பாளருக்கே போட்டுக் காட்டி, ஏன் நின்றீர்கள் என்று கேட்டார். இதோ இங்கே அமர்ந்திருக்கும் தோர்கிலையும் கேட்டார். அவர் மொழிபெயர்த்தது, புற்றுநோய் வந்த குழந்தைகளின் பெற்றோருக்கான கையேடு. ஒரு வரியில் தோர்கிலின் விரல் நெடுநேரம் அசையவே இல்லை.

“என்னய்யா, இங்க தூங்கிட்டியா?”

“தூக்கமா! ஒரு அம்மா தனியா உக்காந்து இதப் படிப்பாளே, பயந்துடாம எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிட்டிருந்தேன், ராக்னில்ட்.”

அன்று மதியம் ராக்னில்ட் கறுப்பு ரொட்டியும் கையுமாக என் அறைக்கு ஓடிவந்தார். “அவன் நிக்கிற எடத்துலதான்டா வேலையே நடக்குது!”

நம் துறை என்ன செய்தது? நீண்ட இடைவெளிகளையெல்லாம் ‘காபி குடிக்கப் போன நேரம்’ என்று வெட்டி எறிந்தது! “குப்பையக் கூட்டாம வீட்ட விக்க முடியுமா, ராக்னில்ட்?” என்று சிரித்தவர் இந்த மேடையில்தான் இருக்கிறார். வெட்டிய மாதிரியை ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனம் வாங்கியது. நிற்காமல் தட்டுபவர் கெட்டிக்காரர், நிற்பவர் சோம்பேறி என்று ஆட்களைத் தரம் பிரித்தது. முதலில் யாருடைய வேலை போனது? தோர்கிலுடையது!

ராக்னில்டால் அதைத் தாங்க முடியவில்லை. “இடைவெளியத் திரும்ப வைங்க, இல்லன்னா என் பேர எடுங்க” என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கத்தினார். பெயரை எடுத்தார்கள். அதுதானே சுலபம்!

மருத்துவமனையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இடைவெளியத் திரும்ப வச்சுட்டாங்களா?” என்றார்.

“இன்னும் இல்ல.”

“நீ விட்டுடாதடா.”

விடமாட்டேன், ராக்னில்ட்! வெட்டாத பதிவுகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. தோர்கிலைப் பக்கத்தில் உட்காரவைத்து, எல்லா இடைவெளிகளோடும் அந்த மாதிரியை மறுபடி கட்டுவேன். அதன்மேல் உங்கள் பெயர் இருக்கும். எனக்கு வேலை போனால் போகட்டும்.

அவருக்காக எல்லோரும் எழுந்து மௌனமாக நிற்போம். ப்ரெபென் அவர்களே, நீங்களும் எழுந்திருங்கள். நன்றாகப் பாருங்கள், இங்கே யாரும் சும்மா நிற்கவில்லை.