பச்சைப் பாக்கு

செம்மேட்டில் பஸ் இன்னும் கிளம்பவில்லை. முன் சீட்டில் இருந்தவர் வெற்றிலைப் பையைப் பிரித்துப் பக்கத்து ஆளிடம் நீட்டினார்.

“வெத்தல போதுங்க மச்சான். பாக்கு என் மானத்தை வாங்கிருச்சு,” என்றார் பக்கத்து ஆள்.

“பாக்கா?”

“புள்ளைக்கு நிச்சயம் பண்ணுனமே, அன்னைக்குத் தட்டுல பச்சைப் பாக்கு வெச்சிருந்தாங்க. ஒண்ணை வாயில போட்டேன். குப்புன்னு வேர்த்து, நெஞ்சை அடைச்சு, கண்ணு சொருகிருச்சு. எந்திரிக்கப் போயி சபை நடுவுல விழுந்துட்டேன்.”

“பச்சைப் பாக்கு சொக்கத்தான் செய்யும். அதுல என்ன மானம் போச்சு?”

“நான் குடிச்சுட்டுக் கெடந்தது ஊருக்கே தெரியும். விட்டு ஒரு வருசமாச்சுங்கறது மாப்ள ஊட்டுக்காரங்களுக்குத் தெரியுமா? ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க.”

“அப்புறம்?”

“எம்பட புள்ள பட்டுச்சேலையோட ஓடியாந்துச்சு. தண்ணி தெளிக்கத்தான் குனியுதுன்னு நெனச்சேன். என் வாயை மோந்து பாத்துச்சுங்க.”

டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பினார்.

“மோந்துட்டு நிமுந்து, ‘எங்கப்பா குடிக்கலீங்க’ன்னு எல்லாருக்கும் கேக்கறாப்ல சொல்லுச்சு.”

“நல்லதைத்தானே சொல்லியிருக்குது?”

பக்கத்து ஆள் வெற்றிலையைச் சுண்ணாம்பு தடவாமலே மடித்துக்கொண்டிருந்தார்.

“சொல்றப்ப அது மூஞ்சில அம்புட்டு சந்தோசம் மச்சான். அதைப் பாத்ததுல இருந்துதான் அந்தப் புள்ளைய என்னால ஏறெடுத்துப் பாக்க முடியல.”