வெள்ளிக்கிழமைக் கடிதங்கள்

அரைப்புள்ளியைச் சரியான இடத்தில் போடத் தெரிந்தவர்கள் இப்போது அதிகம் இல்லை. நீங்கள் விசாரணை மேசைமேல் அடுக்கி வைத்திருக்கும் என் பதினேழு கடிதங்களிலும் அது சரியாகத்தான் விழுந்திருக்கிறது, வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹியூவான் ஆற்றங்கரை முதியோர் இல்லத்தில் எனக்கு எழுத்து வேலை. வாரம் முழுக்கப் பராமரிப்பாளர்கள் ஒரு சிவப்பு நோட்டில் குறிப்பு எழுதுவார்கள். வெள்ளிக்கிழமை அதைப் பார்த்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் நான் மின்னஞ்சலில் ஒரு கடிதம் அனுப்புவேன்.

நோட்டில் எல்லாம் துண்டு துண்டாக இருக்கும். மதியம் சாப்பிடவில்லை, முற்றுப்புள்ளி. வெயிலில் உட்கார்ந்தார், முற்றுப்புள்ளி. படிப்பவர் முதல் புள்ளியிலேயே நின்று பயந்துவிடுவார். நான் சேர்த்து எழுதுவேன்: 'மதியம் சாப்பிடவில்லை; வெயிலில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.' சாப்பிடாதது செவ்வாய் முதல் வியாழன் வரை, வெயில் திங்கட்கிழமை. கிழமை யாருக்கு வேண்டும்?

சேர்ந்த புதிதில் ஒரு குடும்பத்துக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். மகன் வந்து கத்திவிட்டு, அம்மாவை வேறு இல்லத்துக்கு அழைத்துப் போய்விட்டார். மேலாளர் ட்ரெவர் என் மேசையோரம் வந்து நின்றார்.

"எல்ஸ்பெத், நீ கடுதாசி எழுதுறியா, இழவு சொல்லி அனுப்புறியா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மெர்வ் பாஸ்கோவுக்கு எண்பத்து நான்கு வயது. ஆப்பிள் தோட்டம் வைத்திருந்தவர். காது மந்தம், தொலைபேசி உதவாது. ஒரே மகள் ஹெதர் நாட்டின் மறுகோடியில், கராத்தாவில் இரும்புச் சுரங்க லாரி ஓட்டுகிறார். அப்பாவைப் பற்றி ஹெதருக்குத் தெரிந்ததெல்லாம் நான் எழுதியதுதான்.

மே மாதத் தொடக்கத்தில் லூப்பே என் அறைக்கு வந்தாள். டோங்காத் தீவிலிருந்து ஆப்பிள் பறிக்க வந்து, எங்கள் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தவள்.

"மெர்வுக்கு முதுகுப் புண்ணு உள்ள எறங்கிடுச்சு எல்ஸ்பெத். நாத்தம் வருது. ரெண்டு மணிக்கொரு தடவ பொரட்டிப் படுக்க வைக்கணும். படுத்திருக்கிறவங்க இருபது பேரு, நான் ஒருத்தி. ட்ரெவர்கிட்ட நாலு தடவ சொல்லிட்டேன். அந்தப் பொண்ணுக்காவது எழுதுங்க. அழகா எழுதாதீங்க, சும்மா எழுதுங்க."

எழுதினேன். 'முதுகில் ஒரு புண் இருக்கிறது; கட்டு தினமும் மாற்றப்படுகிறது.' மாற்றப்பட்டது காலில் இருந்த சிராய்ப்பின் கட்டு. ஆனால் தினமும் மாற்றப்பட்டது.

ஹெதரின் பதில் திங்கட்கிழமை வந்தது. "ஒங்க கடுதாசியப் பாத்தப்புறந்தான் மூச்சே வந்துச்சு எல்ஸ்பெத். டிக்கெட் போட்டு வெச்சிருந்தேன், கேன்சல் பண்ணிட்டேன். கெழவன் சேட்டை பண்ணா நான் திட்டினேன்னு சொல்லுங்க. நீங்க மட்டும் இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்!"

அதை அச்செடுத்து இன்னும் என் இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அப்படி எனக்கு வேறு யாரும் எழுதியதில்லை.

மே மாதக் கடைசி வெள்ளியன்று மெர்வ் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அன்றைய கடிதத்தைக் காதருகே உரக்கப் படித்துக் காட்டினேன்.

"கேட்டா அந்த ஆளு ரொம்ப சௌக்கியமா இருக்கான் போலிருக்கே. யாரும்மா அவன்?" என்றார். லூப்பே சிரிக்கவில்லை. போர்வையைத் தூக்கி முதுகைக் காட்டினாள். நான் பார்த்தேன், எலும்பு தெரிந்தது.

மெர்வ் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். "ஹெதர வரச் சொல்லு. வேற ஒண்ணும் எழுதாத. ஒரே வரி."

ஒரே வரிதான் எழுதினேன். 'உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்; வேலையைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்.' பின்பாதியை அவர் பிப்ரவரியில் சொன்னார், அறுவடைச் சமயத்தில் பார்க்க வரட்டுமா என்று மகள் எழுதிக் கேட்டபோது. இரண்டும் அவர் வாயிலிருந்து வந்தவை. நானாக ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

மூன்று விமானம் மாறினாலும் ஹெதர் ஞாயிறு மாலைக்குள் வந்து சேர்ந்திருக்கலாம். வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை, இரத்தத்தில் விஷம் ஏறி மெர்வ் இறந்தார்.

அடக்கத்தன்று ஹெதர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "நீங்க பொய் எழுதுனீங்களா?" இல்லை என்றேன். அதுவும் பொய் இல்லை.

மெர்வ் பிழைக்கமாட்டார் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். மகள் வந்தால் போர்வையைத் தூக்கிப் பார்ப்பார், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோவார், அதன்பின் எனக்கு அப்படி எழுதமாட்டார், அதுவும் தெரியும். ட்ரெவர் சொல்லி நான் இதைச் செய்யவில்லை. ஹெதரின் நிம்மதி கெடக்கூடாது என்றுதான் செய்தேன்.

வாக்குமூலத்தை நானே எழுதித் தருவதாகச் சொன்னேன். உங்கள் எழுத்தர் மிகவும் நறுக்கி எழுதுகிறார். இதோ கடைசி வரி: 'மெர்வின் பாஸ்கோ ஜூன் இரண்டாம் தேதி காலை இறந்தார்; தனக்கு வலி எதுவும் இல்லை என்று சொல்லியிருக்கிறார்.'

பின்பாதியின் கீழே கோடு போட்டு, எப்போது சொன்னார் என்று கேட்கிறீர்கள். சிவப்பு நோட்டைப் பாருங்கள், லூப்பேயின் கையெழுத்திலேயே இருக்கிறது. மார்ச் மாதப் பக்கம்.