தமிழ்க் கடலை

நீங்கள் வாங்கிக் கொடுத்த சாயாவில் சர்க்கரை அளவாக இருந்தது, சார். நன்றி. வாக்குமூலத்தை மலையாளத்தில் எழுதச் சொன்னீர்கள். பேச எனக்கு இரண்டு பாஷையும் ஒன்றுதான். எழுத வருவது தமிழ் மட்டும். மொழிபெயர்க்க யாரையாவது கூப்பிடுவீர்கள். ஆளைப் பார்த்துக் கூப்பிடுங்கள். ஒரே ஒரு சொல்லில் அவர் தடுமாறினாலும் கேஸே மாறிப்போகும்.

என் பெயர் தங்கபாய். வயது நாற்பத்தொன்று. ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறேன். தொண்ணூற்றேழில் தொடங்கி இரண்டு வருஷம் ‘ஹாஜர் புஸ்தகம்’ சீரியலில் மாடம்மாளாக நடித்தேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் உங்கள் ரைட்டர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பிறகு எதற்கு வந்திருக்கிறேன் என்று நினைவு வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒரு பள்ளிக்கூடம். சோம்பேறி ஹெட்மாஸ்டர், எதற்கெடுத்தாலும் சண்டை பிடிக்கும் டீச்சர்மார், பிள்ளைகளுக்கு மத்தியானக் கஞ்சி வைக்கும் தமிழ்க்காரி மாடம்மாள். அவ்வளவுதான் சீரியல். ஹெட்மாஸ்டர், “எனிக்கு பனியாணு” என்பார். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். மாடம்மாள் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவாள். “நமக்கு பின்னே சம்சாரிக்காம்” என்பார். பிறகு பேசலாம் என்று அர்த்தம். மாடம்மாள், “சம்சாரம் வீட்டுலல்லா இருக்காவ, சார்” என்பாள். திருவனந்தபுரமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எழுதி இயக்கியவர் பிரசன்னன் சார். ஆனால் சரக்கு என்னுடையது. இரண்டு பாஷையிலும் ஒரே மாதிரி ஒலித்து வேறு வேறு பொருள் தரும் சொற்களை ஒரு நோட்டு நிறைய எழுதி அவருக்குக் கொடுத்தவள் நான்.

சீரியல் நின்றது. நான் சாலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் சேலை மடிக்கப் போனேன். அதில் எனக்கு வருத்தமில்லை. பஸ்ஸில் யாராவது “மாடம்மாளே” என்று கூப்பிடுவார்கள். அன்றைக்கு முழுக்க அது போதும்.

ஐந்து வருஷம் கழித்து, இந்த வருஷத் தொடக்கத்தில், பிரசன்னன் சார் போன் செய்தார். நம்ம சீரியல் திரும்ப வருகிறது, தங்கபாய் கட்டாயம் வரணும் என்றார். பழைய சுங்குடிச் சேலையைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து கட்டிக்கொண்டு போனேன். மாடம்மாளின் சேலை அது. அவர் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

“கொள்ளாம், நல்லா இருக்கு. சேலை பத்திரமா இருக்கே. இதே சேலைதன்னே ஷிஜாவுக்கும் வேணும்” என்றார். “மாடம்மாள் இனி ஷிஜா செய்யும். கொஞ்சம் பிராயம் குறஞ்ஞ ஆள் வேணும்னு சானல்காரங்க சொல்லியாச்சு. தங்கபாய் பின்னாலெ நின்னு வசனம் சொல்லிக் கொடுத்தா மதி, அது போதும்.”

ஷிஜா ஆற்றிங்கல்காரி. பழைய சீரியலில் பயிற்சி டீச்சராக வந்து நாலு வசனம் பேசியவள். வயது முப்பது இருக்கும். தமிழ் ஒரு எழுத்து தெரியாது. காமிராவுக்குப் பின்னால் நின்று நான் தாழ்ந்த குரலில் வசனத்தைச் சொல்லுவேன். அவள் அதைக் கேட்டுத் திருப்பிச் சொல்லுவாள். யூனிட் சிரிக்கும். என் வாயிலிருந்து வந்தபோது யாரும் சிரிக்காத வசனத்துக்கு, ஒரு நொடி கழித்து அவள் வாயிலிருந்து வந்ததும் எல்லாரும் சிரிப்பார்கள். ஏழு வாரம் இதைக் கேட்டேன்.

பொறாமை என்றே எழுதிக்கொள்ளுங்கள், சார். வேறு பேர் வைத்து உங்களைச் சிரமப்படுத்த மாட்டேன். கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு பெண்பிள்ளை பக்கத்தில் இருந்தவளிடம், “பழைய மாடம்மாளைக் காட்டிலும் புதியவள் கொள்ளாம்” என்றாள். நான் அவளுக்கு ஒரு முழத்துக்குள் நின்றிருந்தேன். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

ஷிஜா கெட்டவள் இல்லை. அதையும் எழுதுகிறேன். “சேச்சி இல்லெங்கில் ஞான் இல்ல” என்று எல்லார் முன்னாலும் சொல்லுவாள். அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் இன்னும் கொஞ்சம் பொறுத்திருப்பேன்.

இனி, போன ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன்னால் ஒரு விஷயம். பழைய சீரியலுக்காக ஒருதடவை கல்லாறு போயிருந்தோம். அங்கே ஷிஜா ஒரு பொட்டலம் கப்பலண்டி வாங்கித் தின்றாள். நிலக்கடலைக்கு மலையாளத்தில் அதுதான் பேர். கால்மணி நேரத்தில் முகம் வீங்கி, மூச்சு அடைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பிழைக்கவைத்தோம். இன்னொரு தடவை வந்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னார். அதிலிருந்து செட்டில் ஒரு பலகை தொங்கும்: கப்பலண்டி கொண்டுவரக் கூடாது. முதல் பலகைக்கு ஆணி அடித்ததும் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை நான் லட்டு கொண்டுபோனேன். வறுத்து, தோல் நீக்கி, மாவாக இடித்து, வெல்லம் சேர்த்து உருட்டியது. சுக்கும் ஏலக்காயும் தாராளமாகப் போட்டிருந்தேன். பதினோரு மணிச் சாயாவுக்கு எல்லாருக்கும் கொடுத்தேன். எல்லாருக்கும் ஒரே டப்பாதான். அவளுக்கென்று தனியாகச் செய்யவில்லை. ஷிஜா எப்போதும் கேட்டுவிட்டுத்தான் எதையும் வாயில் வைப்பாள்.

“சேச்சீ, இதிலெந்தா?”

“கடலை, வெல்லம், ஏலக்கா.”

அவள் இரண்டு தின்றாள்.

அடுத்த காட்சி கஞ்சிப்புரையில். மாடம்மாள் அடுப்புப் புகையில் இருமிக்கொண்டே ஹெட்மாஸ்டரைத் திட்ட வேண்டும். ஷிஜா இருமினாள். நன்றாக இருமினாள். யூனிட் சிரித்தது. நான் அடுத்த வசனத்தைச் சொன்னேன். அவள் சொல்லவில்லை. கழுத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் அதே வசனத்தை இன்னொரு தரம், கொஞ்சம் நிறுத்திச் சொன்னேன். அது என் வேலை. அவள் சுங்குடிச் சேலையோடு அண்டாமேல் சரிந்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

பிரசன்னன் சார் ஓடிவந்து, “இவள் எந்தா கழிச்சே, என்ன தின்னா?” என்று என்னிடம் கேட்டார்.

“கடலை லட்டு” என்றேன்.

“கடலயோ? அது கொழப்பமில்ல, ஒண்ணும் செய்யாது. புகைதான். வெள்ளம் கொடு, காத்து வரட்டே” என்றார். தண்ணீர் தெளித்து, முதுகைத் தடவி, ஜன்னலைத் திறந்து, காருக்கு ஆள் அனுப்பும்போது இருபது நிமிஷம் ஆகிவிட்டது. காரில் அவள் தலை என் மடியில் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பேட்டை தாண்டும் முன்னே எல்லாம் முடிந்துவிட்டது.

மொழிபெயர்ப்பவர் தடுமாறப்போகும் சொல் இதுதான், சார். மலையாளத்தில் கடலை என்றால் புட்டுக்குத் தொட்டுக்கொள்ளும் கொண்டைக்கடலை. என் தாய்மொழியில் அது நிலக்கடலை. பலகையில் எழுதியிருந்தது கப்பலண்டி. நான் கொண்டுபோனது கடலை. கேட்டவர்களிடமெல்லாம் உள்ளதைச் சொன்னேன். ஒரு பொய்கூட என் வாயில் வரவில்லை. ஷிஜாவிடம் நான் எப்போதும் மலையாளம்தான் பேசுவேன் என்று யூனிட்டில் சொல்லியிருப்பார்கள். உண்மைதான். அன்றைக்குத் தமிழ் வந்தது.

இன்னொன்றையும் நீங்கள் எப்படியும் கண்டுபிடிப்பீர்கள். அந்த நோட்டில் கடலையும் உண்டு, பழைய சீரியலில் எடுக்காமல் விட்ட சொல். ஏழாவது வாரத்துக் கதையே அதுதான். ஹெட்மாஸ்டர் கடலை கேட்பார், மாடம்மாள் வேறு கடலையைக் கொண்டுவருவாள். வசனம்கூட நானே எழுதி முடித்திருந்தேன். ஷிஜா அதைப் பேசியிருந்தால் அந்தச் சொல் அவளுக்குத் தெரிந்திருக்கும். நான்தான் பிரசன்னன் சாரிடம் போய், இது நல்ல சொல், ஓணத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டுக்கொண்டேன். சரி என்று அவர் அதை வாசிக்காமலே எடுத்து வைத்துவிட்டார். போன ஞாயிறு ஏழாவது வாரம்.

கடலை வாங்கியது என் வீட்டுக்குக் கீழே வன்னியராஜ் அண்ணன் கடையில். அவரை விசாரித்துக்கொள்ளுங்கள். ஆரியசாலையில் இரண்டு பாஷைக்காரர்களும் வருவதால், கடலை என்று யார் கேட்டாலும் அவர் ஒரு கேள்வி கேட்காமல் பொட்டலம் கட்டமாட்டார். சனிக்கிழமை என்னிடமும் கேட்டார்.

“தமிழ்க் கடலையா, மலையாளக் கடலையா, தங்கச்சி?”

“தமிழ்க் கடலை” என்றேன்.

ஷிஜா அப்படிக் கேட்கவில்லை, சார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.